பூ மார்க்கெட்டுக்கு ஒரு டேட்டாபேஸ்: எங்கள் குழு அசைன்மென்ட்

போன செமஸ்டரில் டேட்டாபேஸ் பாடத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு அசைன்மென்ட் செய்ய வேண்டியிருந்தது. மூன்று வாரம் அவகாசம். நிரல், ரிப்போர்ட், செய்து காட்டும் வீடியோ, கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. எங்கள் குழுவில் நான் மதுரை செல்லூர். ஒருவன் உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவன். ஒரு தோழி மேலூர். இன்னொருத்தி விருதுநகர், ஹாஸ்டலில் இருக்கிறாள்.

உசிலம்பட்டி நண்பன் வீட்டில் மல்லி போட்டிருக்கிறார்கள். அவன் அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குத்தான் பூ கொண்டுவருகிறார். அந்தக் கடைக் கணக்கையே எடுத்துக்கொண்டோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிமுகத்தில் எழுதிவிட்டு உற்சாகமாகத் தொடங்கினோம்.

முதல் வாரம் வேலையைப் பிரித்த விதம்தான் தப்பு. ஒருத்தர் டேபிள்கள் (தகவலைச் சேமிக்கும் அட்டவணைகள்), ஒருத்தர் திரைகள், ஒருத்தர் ரிப்போர்ட், ஒருத்தர் வீடியோவும் பிபிடியும். பார்க்க நியாயமான பங்கீடு. ஆனால் எட்டாம் நாள் சேர்த்துப் பார்த்தால் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. டேபிளில் விவசாயிக்கு வரிசை எண் இருக்கிறது, திரையோ போன் நம்பரைக் கேட்கிறது. ரிப்போர்ட்டிலோ, நாங்கள் உருவாக்கவே இல்லாத டேபிளுக்குப் படம் வரைந்திருக்கிறது. யாரும் சோம்பேறித்தனமாக இல்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தோம், பேசிக்கொள்ளாமல்.

அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். எங்கள் டேபிளில் பூவின் பெயருக்குப் பக்கத்திலேயே விலை என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். அதைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் தராசிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: “மல்லிக்கு ஒரே வெலைன்னு யாருப்பா சொன்னது? மொட்டா இருக்கையில ஒரு வெல, விரிஞ்சுபோச்சுன்னா ஒரு வெல. நாளைக்கு முகூர்த்தம்னா அது வேற.” அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்திருந்த துண்டுச்சீட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பெயர், எடை, விலை, அதற்குக் கீழே ‘மு.ப.’ என்று ஒரு கழித்தல். என்ன அண்ணே இது என்றோம். முன்பணம். விவசாயி முன்கூட்டியே வாங்கிய தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வடிவமைப்பில் அப்படி ஒன்று இருக்கவே இல்லை.

அந்தச் சீட்டுதான் எங்களுக்குச் சரியான டேபிள். விலையைப் பூவிடமிருந்து எடுத்து ஒவ்வொரு வரவோடும் சேர்த்தோம். முன்பணத்துக்குத் தனி டேபிள். நண்பனின் அப்பாவும் சித்தப்பாவும் கடையில் ஒரே போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் போன் நம்பரைப் பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் எண்ணாக, வைக்கும் யோசனையையும் விட்டோம்.

அன்றே புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து வேலையை மறுபடி பிரித்தோம். இந்தத் தடவை ஆளுக்கொரு வேலை, அடி முதல் நுனி வரை. பூ வரவு ஒருவருக்கு என்றால் அதன் டேபிள், திரை, சோதனை, ரிப்போர்ட்டில் அதற்கான பக்கங்கள் எல்லாம் அவரே. இரவு எட்டு மணிக்கு நாலு பேரும் நிரல் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் கிட் கருவியில் புஷ் செய்து (ஏற்றி) ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். ஒரே ஃபைலில் இரண்டு பேர் கை வைத்த நாளில் இரண்டு பேர் மாற்றங்களும் மோதி கான்ஃப்ளிக்ட் வந்தது. ஒருநாள் வேலைதான் என்பதால் போனில் பேசிக்கொண்டே பத்து நிமிடத்தில் சரிசெய்தோம். இரண்டு வார வேலையாக இருந்தால் விடிந்திருக்கும்.

ஒரு பிழையை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. விவசாயியின் ஊர் ‘திருப்பரங்குன்ற’ என்று வந்து நின்றது, ‘ம்’ இல்லை. உசிலம்பட்டி சரியாக இருக்கிறது, மேலூர் சரியாக இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு 15 இடம் ஒதுக்கியிருந்தோம், திருப்பரங்குன்றம் பத்தே எழுத்து. பிறகுதான் புரிந்தது: கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ‘தி’ என்பது த ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. புள்ளிக்கும் தனி இடம். அப்படி எண்ணினால் திருப்பரங்குன்றத்துக்கு 17 வேண்டும். அளவு மீறினால் ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் போடாததால், நாங்கள் பயன்படுத்திய டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் மிச்சத்தை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டது, அதையும் நாங்கள் பார்க்கவில்லை. இடத்தை 100 ஆக்கி ஸ்ட்ரிக்ட் மோடும் போட்டோம். தமிழ்ப் பெயர்களை வைத்துச் செய்கிறவர்கள் நீளமான ஊர்ப் பெயர் ஒன்றைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

சமர்ப்பிக்கும் நாள். நள்ளிரவு வரை நேரம் இருந்தாலும் மதியமே ஏற்றினோம். ஏற்றிய ஜிப்பை மேலூர்த் தோழி திரும்ப டவுன்லோட் செய்து, இந்த வேலைக்கே பயன்படுத்தாத தன் அண்ணன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். ஓடவில்லை. டேபிள்களை உருவாக்கும் எஸ்க்யூஎல் ஃபைலே உள்ளே இல்லை! எங்கள் நாலு பேர் லேப்டாப்பிலும் டேபிள்கள் ஏற்கெனவே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சேர்த்து மறுபடி ஏற்றினோம். ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் கடைக்கு பிடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள். வேர்டில் கொண்டுபோன இன்னொரு குழுவுக்குக் கடைக் கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறி, பொருளடக்கத்துப் பக்க எண்கள் எல்லாம் தள்ளிப்போய்விட்டன.

வைவாவில் எக்ஸாமினர், பூ வரவைச் செய்த என்னை விட்டுவிட்டு விருதுநகர்த் தோழியிடம் கேட்டார்: “விலையை ஏன் பூ டேபிளில் வைக்கவில்லை?” அவள் நார்மலைசேஷன் என்று பாடப்புத்தகச் சொல்லில் தொடங்கவில்லை. “சார், காலைல அஞ்சு மணிக்கு ஒரு வெல, எட்டு மணிக்கு ஒரு வெல” என்று ஆரம்பித்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.