ஒரே வித்தை, இரண்டு கை

நேற்று ராத்திரி 2005இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தை மறுபடி பார்த்தேன். கடைசிச் சண்டையில் குரு ஓபி-வானும் அவருடைய சீடன் அனகினும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, தொடாமலே மாய சக்தியால் தள்ளப் பார்க்கிறார்கள். உள்ளங்கைகள் நேருக்கு நேர். அப்புறம் இரண்டு பேருமே பின்னால் பறந்து விழுகிறார்கள். சொல்லிக் கொடுத்ததே ஓபி-வான்தானே, யாரை யார் ஏமாற்றுவது! (சண்டை நடக்கிற இடத்தில் ஓடும் எரிமலைக் குழம்பெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.)

ஆனால் 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படம்தான் ஒரு படி மேல். "இப்போது நான்தான் குரு" என்கிற தோரணையில் பேசிய வேடர் (பின்னாளில் அனகினுக்கு அதுதான் பெயர்) வாளை வீசியதும், வயதான ஓபி-வானின் உடலையே காணோம். வெறும் அங்கி தரையில் கிடக்கிறது. அதை வேடர் காலால் மிதித்துப் பார்க்கிறார். ஜெயித்தவன் செய்கிற வேலையா அது? அந்த வித்தையை மட்டும் வாத்தியார் இவருக்குச் சொல்லித் தரவே இல்லை.