கட்டி கரையாத மண்

மே 10
இரவு நல்ல கோடை மழை. காலையில் பார்த்தால் மேட்டுக்கொல்லையிலிருந்து செந்நீர் ஓடைக்குப் போயிருந்தது. பென்னாகரம் பக்கத்துச் சரிவு நிலங்களில் இது வழக்கம்தான். ஆனாலும் வயிறு எரிகிறது. போவது மேல்மண்ணல்லவா!

மே 14
நிழலில் காயவைத்த இரண்டு மண்கட்டிகளைத் தனித்தனி டம்ளர் தண்ணீரில் போட்டேன். ஒன்று, ஆண்டுதோறும் ரொட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் டிராக்டர் கருவி) ஓடும் கொல்லையில் எடுத்தது. மற்றொன்று, கலப்பை படாத புங்கமரத்தடி வரப்பில் எடுத்தது. கொல்லைக் கட்டி சில நிமிடங்களில் பொடிந்து சேறாகிவிட்டது. வரப்புக் கட்டி உருக்குலையவில்லை. தண்ணீரும் தெளிவாகவே நின்றது. இரண்டும் ஒரே செம்மண்தான். வேர்கள் கசியவிடும் பசையும் பூஞ்சை இழைகளும் மண்துகள்களைக் கோத்துப் பிடிக்கின்றன. அந்தப் பிடிப்பு அறுந்துவிட்டால், மழை அடித்ததும் நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்ளும். காய்ந்தபின் மேலே ஏடு கட்டும். அடுத்த மழை எப்படி உள்ளே இறங்கும்? உரம் பற்றிப் பேசுமுன் இதைப் பேச வேண்டும் என்பதே என் எண்ணம்.

மே 16
பூக்கும் பருவத்தில் மண்ணோடு மடக்கி உழுவதற்கான பல தானிய விதைப்பு முடிந்தது. சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, எள், ஆமணக்கு, கடுகு, வெந்தயம், சணப்பு, தக்கைப்பூண்டு எல்லாம் கலந்து தூவினோம்.

ஜூன் 27
தட்டைப்பயற்றைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு! காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். பக்கத்துக் கொல்லை அண்ணன், "இன்னும் கொஞ்சம் வளரட்டுமே தம்பி, தழை கூடுமே" என்றார். தண்டு முற்றிவிட்டால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களே மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், அடுத்து விதைக்கும் கேழ்வரகு வெளுத்துப்போகும். அதனால்தான் பூக்கும்போதே மடக்க வேண்டும் என்றேன். அவருக்கு முழுத் திருப்தியில்லை.

ஜூலை 3
ரொட்டவேட்டர் வேண்டாம் என்று மாட்டு ஏரிலேயே மடக்கி உழுதோம். மேலே கிடந்த தழையை அப்படியே மூடாக்காக விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9
கேழ்வரகுக்கு நடுவே அவரையும் துவரையும் சால் சாலாக எழும்பி நிற்கின்றன. இந்தக் கலப்பு அம்மா தலைமுறையின் வழக்கம். தனிப்பயிர் ஆசையில் நாம் விட்டுவிட்டோம்.

அக்டோபர் 25
அறுவடை நெருங்குகிறது. மண்ணின் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் நிலம் இது. ஒரு பருவத்தில் தேறாது. அறுத்த கையோடு, ஈரம் போவதற்குள் கொள்ளு விதைக்க வேண்டும். வெறும் நிலமாக வெயிலில் போடக் கூடாது. அப்பா கொள்ளுக்குச் சம்மதித்துவிட்டார், கொடி மாட்டுக்கு ஆகுமென்று. பாதிக் கொடியையாவது கொல்லையிலேயே விட வேண்டும் என்கிறேன் நான். இன்னும் முடிவாகவில்லை.