பண்டாரவளை கிணறெல்லாம் கடலுக்குள்ள போயிருச்சு: மெப் போட்ட அனுபவம்

கிணத்துத் தண்ணி மட்டத்தை கியூஜிஐஎஸ்ங்கிற மெப் போடுற சொப்ட்வெயார்ல மெப் போட நினைக்கிறவங்க சொப்ட்வெயாருக்குப் பயப்பட வேணாம், டேட்டா வாங்குற இடத்துல தான் கவனமா இருக்கணும். எங்களுக்கு டேட்டா தாறதா சொன்ன ஒபிஸ்ல முதல்ல கடிதத்துல ஜீஎஸ் (கிராம சேவகர்) கையெழுத்து இல்லன்னு திருப்பி அனுப்புனாங்க, அத வாங்கிட்டுப் போனா சேர் கொழும்புக்குப் போயிட்டாராம், கடைசியா கெடச்சது ஒரு எக்செல் ஷீட், அதுல எக்ஸ் (கிழக்கு நம்பர்), வை (வடக்கு நம்பர்), ஆழம், அவ்வளவு தான். எந்த கிரிட்னு, அதாவது நம்பரை எந்தப் புள்ளியில இருந்து எண்ணுனதுன்னு கேட்டதுக்கு "இலங்கை கிரிட் தான் தம்பி, வேற என்ன"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு கிளார்க்.

இலங்கை கிரிட் ரெண்டு இருக்குங்க! பழசோட ஈபிஎஸ்ஜி நம்பர் (கிரிட்டை சொப்ட்வெயார்ல தெரிவு செய்யுற கோட்) 5234, அதுல மூலப் புள்ளிக்கு கிழக்கு, வடக்கு ரெண்டு நம்பரும் 2 லட்சம் மீட்டர். 1999 கிரிட் 5235, அது 5 லட்சம். பழைய நம்பரைப் புதுசுல தெறந்தா மேற்கால 300 கிலோமீட்டர், தெற்கால 300 கிலோமீட்டர் தள்ளி எல்லாக் கிணறும் நடுக்கடல்ல நிக்கும். பண்டாரவளை பக்கம் கிழக்கு நம்பர் 2 லட்சத்து சொச்சம்னா பழசுன்னு வச்சுக்கங்க.

அடுத்தது ஆழம். எதுல இருந்து அளந்தாங்கன்னு ஷீட்ல இல்ல. நேர்ல போய்ப் பார்த்தப்ப ஒரு அம்மா, "இந்தக் கட்டு போன வருஷம் தான் தம்பி ஒசத்திக் கட்டுனது"ன்னு கையை வச்சுக் காட்டுனாங்க, இடுப்பு ஒசரம்! அவ்வளவும் ஆழத்துல சேர்ந்திருக்கு. தரையில இருந்து நாங்களே டேப் போட்டுத் திரும்ப அளந்தோம். தண்ணி மட்டம் தெரிய தரை உயரத்துல இருந்து இந்த ஆழத்தைக் கழிக்கணும், அந்த உயரத்துக்கு ஜிபிஎஸ் நம்பரை அப்படியே எடுக்காதீங்க, நம்ம நாட்டுல ஜிபிஎஸ் பாவிக்கிற நீள்வட்டக் கணக்கு (பூமியை வழவழப்பான ஒரு உருவமா வச்சுப் போடுற கணக்கு) உயரம் கடல் மட்டக் கணக்கை விட கிட்டத்தட்ட 100 மீட்டர் கொறஞ்சு காட்டும்.

இன்டர்பொலேஷன் (கிணறுகளுக்கு இடையில உள்ள எடத்துக்கு மட்டத்தைக் கணக்குப் போட்டு நிரப்புறது) பட்டனை அமுக்குனா வந்துரும், ஆனா மலையில அத நம்ப ஏலாது, ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கக் கிணத்தையும் அந்தப் பக்கக் கிணத்தையும் சேர்த்து இழுத்துரும், அடியில வெடிப்புப் பாறை வேற. மழைத்தண்ணி ஒரே ஓடைக்கு வடியிற பகுதி, அதாவது நீர்ப்பிடிப்பு வாரியா வெட்டித் தனித்தனியா ஓட்டுங்க. அப்படி ஓட்டுனதுல தரைக்கு மேல தண்ணி காட்டுன ஒரு பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தா, அங்க லயத்து ஆளுங்க தண்ணி புடிக்கிற பீலி ஓடிக்கிட்டு இருக்கு! அன்னைக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

தேதி இல்லாத அளவை மட்டும் வாங்கவே வாங்காதீங்க. டிசம்பர் மழையில அளந்ததையும் ஆகஸ்ட் வறட்சியில அளந்ததையும் ஒரே மெப்ல போட்டா அது எதுக்கும் உதவாது. 2014 கடைசியில உமா ஓயா திட்டத்துக்குத் தோண்டுன சுரங்கத்துக்குள்ள தண்ணி பாய்ஞ்சு இந்தப் பக்கக் கிணறுகள் வத்துனப்போ, முன்னாடி எவ்வளவு தண்ணி இருந்துச்சுன்னு காட்ட எத்தனை வீட்டுல தேதி போட்ட அளவு இருந்திருக்கும்? உங்க கிணத்தை மாசா மாசம் அளந்து கொப்பியில எழுதி வைங்க.