முழு வொயிட்ல ஒரு ஆஃபர்: நங்கநல்லூர் ஃப்ளாட் எங்களுக்கு கெடச்ச கதை

மடிப்பாக்கத்துல ஒரு வீடு கைக்கு வந்து போச்சு, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். விலை பேசி முடிச்சு, டோக்கன் அட்வான்ஸ் 50 ஆயிரம் ஜிபேல போட்டு, அந்த ஓனர் காபி குடுத்து "இனிமே இது உங்க வீடும்மா"ன்னு சொல்லி, நான் வீட்டுக்கு வந்து எந்த ரூம்ல பீரோ வைக்கிறதுன்னு பேப்பர்ல கோடு போட்டு பாத்தாச்சு. நாலாம் நாள் காலைல போன் வருது, இன்னொருத்தர் 2 லட்சம் கூட தராராம், உங்க பணத்த திருப்பி போட்டுட்டேன் பாத்துக்கோங்கன்னு. அவ்ளோதான். எழுத்துல எதுவும் இல்ல, நாங்க என்ன பண்ண முடியும். ரெண்டு நாள் எனக்கு சோறே எறங்கல.

அப்பதான் நானும் வீட்டுக்காரரும் உக்காந்து பேசினோம். அடுத்த வீட்டுக்கு போறப்ப, இன்னொருத்தர் டோக்கன் குடுத்து வச்சிருக்கிற எடத்துல நாம போயி ரேட்ட ஏத்தி புடுங்கக் கூடாது, நமக்கு வலிச்சது அவங்களுக்கும் வலிக்கும். அதே நேரம் நம்மள ஒரு போன் கால்ல தள்ளிவிட முடியாத மாதிரி கெட்டியா போய் நிக்கணும். ரெண்டும் சேந்து எப்படி நடக்கும்னு அன்னைக்கு தெரியல.

2024 ஜூலை, ஆடி பொறந்து ஒரு நாலு நாள் இருக்கும். நங்கநல்லூர்ல ஆஞ்சநேயர் கோயில்ல இருந்து நடக்குற தூரத்துல ஒரு ரீசேல் ஃப்ளாட், 2004ல கட்டுனது, முதல் மாடி, கெழக்கு பாத்த வாசல். ஓனர் ரிட்டயர் ஆனவர், அவரும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான். கேட்ட வெல 74 லட்சம். யாரும் இன்னும் டோக்கன் குடுக்கல, ஆனா எங்களுக்கு முன்னாடியே ரெண்டு பார்ட்டி பாத்துட்டு போயிருக்காங்க. புரோக்கர் அண்ணன் மறைக்காம சொன்னாரு: ஒருத்தர் 76 தரேன்றார், ஆனா அதுல 25 கேஷ், பத்திரத்துல 51தான் காட்டணுமாம். இன்னொருத்தர் 73, அதுவும் ஆவணி பொறந்ததுக்கு அப்புறம்தான் அட்வான்ஸ் தருவாராம்.

அந்த அண்ணன் எனக்கு ரெண்டு யோசனை சொன்னாரு. நீங்களும் கொஞ்சம் கேஷ் காட்டுங்க மேடம், அப்பதான் எடுபடும்னாரு. ரெண்டாவது யோசனைய குரல தாழ்த்திதான் சொன்னாரு, "அவங்க உங்க ஊரு என்ன, யாருன்னு கேப்பாங்க, நீங்க இன்னார்னு ஜாடையா சொல்லிடுங்க, ஒரே ஆளுங்கன்னா அவருக்கும் மனசு எறங்கும்"னு. எனக்கு சுருக்குனு ஆச்சு. வாடகைக்கு வீடு தேடுன காலத்துல "நீங்க என்ன ஆளுங்க"ங்கிற கேள்விய எத்தன வாசல்ல கேட்டிருக்கேன், எத்தன தடவ பதில் சொல்லிட்டு திரும்பி வந்திருக்கேன். அந்த கேள்வி இன்னைக்கு எனக்கு சாதகமா இருக்குன்றதுக்காக நான் அதுல குளிர் காயணுமா? எங்களுக்கு முன்னாடி பாத்துட்டு போன அந்த ரெண்டு குடும்பமும் யாரோ எவரோ, அவங்களுக்கும் பணமும் ஆசையும் இருக்கு, அத வச்சுதான் போட்டி இருக்கணும். அத நாங்க சொல்ல மாட்டோம்ணே, கேட்டாலும் வேலைய சொல்லுவோம், சம்பளத்த சொல்லுவோம், அவ்ளோதான்னு சொல்லிட்டேன்.

இதுக்கு நடுவுல ஜூலை 23 பட்ஜெட் வந்துச்சு. சொத்து வித்தா இண்டெக்ஸேஷன் (வாங்குன வெலைய விலைவாசி ஏத்தத்துக்கு தக்கபடி கூட்டி, லாபத்த கொறச்சு கணக்கு போடறது) கெடையாது, லாபத்துல நேரா 12.5 சதவீதம் வரின்னு அறிவிப்பு. டிவில நாள் பூரா அதான். 76 சொன்ன பார்ட்டி அதையே புடிச்சுகிட்டு "டாக்ஸ் பயங்கரமா வரும் சார், கேஷ இன்னும் கொஞ்சம் கூட்டிக்கோங்க"ன்னு ஓனர பயமுறுத்தியிருக்காங்க. அவர் 2004ல 16 லட்சத்துக்கு வாங்கியிருக்கார், 74க்கு வித்தா 58 லட்சம் லாபம், அதுல 12.5 சதவீதம்னா செஸ் சேக்காமலே 7 லட்சத்து 25 ஆயிரம். வயசானவருக்கு தூக்கம் வருமா.

நாங்க ரெண்டாவது தடவ போனப்ப வெலையப் பத்தி பேச்சே எடுக்கல. ஏன் சார் விக்கிறீங்க, வித்துட்டு எங்க போறீங்கன்னு கேட்டோம். இத வேற யாருமே கேக்கலயாம். பொண்ணு கோயம்புத்தூர்ல இருக்கு, அங்க பக்கத்துல ஒரு ஃப்ளாட் பாத்து வச்சிருக்கோம், 60 லட்சத்துக்கு மேல வரும், பில்டர் எல்லாமே செக்காதான் கேக்குறான்னாரு. எனக்கு தெரிஞ்ச ஒரு ஆடிட்டர் அக்காகிட்ட முந்தின நாளே கேட்டு வச்சிருந்தேன். அப்ப இருந்த 1961 வருமான வரிச் சட்டத்துல 54வது பிரிவுன்னு ஒண்ணு, குடியிருக்கிற வீட்ட வித்து, வித்த ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொரு வீடு வாங்குனா, லாபத்துல எவ்வளவு அந்த வீட்டுல போடுறோமோ அவ்வளவுக்கு வரி கெடையாது, பட்ஜெட் அதுல கை வைக்கல. அவருக்கு லாபம் 58, கோயம்புத்தூர் வீடு 60க்கு மேல. அப்போ முழு தொகையும் வொயிட்ல, அதாவது கணக்குல காட்டற பணமா வந்தாலும் வரி வராது, அந்த பணம் அப்படியே செக்கா பில்டருக்கு போயிடும். 25 லட்சம் கேஷ வாங்கி பீரோல வச்சா அத எந்த வீட்டுல போடுவாரு? அதோட வீடு விக்கிறதுக்கு 20 ஆயிரமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்குனா, வாங்குன தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம் வாங்குனவர் தலைல விழும், குடுத்தவருக்கு இல்ல, அதே சட்டத்துல 269எஸ்எஸ்னு ஒரு பிரிவு. நான் சொல்றத அப்படியே நம்பாதீங்க சார், உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவர் கேட்டிருக்கார்.

இன்னொரு விஷயம் நடந்துச்சு. விலை பேசறதுக்கு முன்னாடியே பத்திர காப்பி வாங்கிட்டு வந்து பதிவுத்துறை வெப்சைட்ல ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு பாத்தோம், வக்கீல்கிட்டயும் குடுத்தோம், அவருக்கு ஃபீஸ் எங்க கைக்காசு, வீடு கெடைக்கலன்னா அந்த காசு போச்சுதான். ஈசில ஒரு எண்ட்ரி இருந்துச்சு. ஓனர் அப்ப வாங்குன ஹோம் லோனுக்கு பேங்க்ல பத்திரத்த அடமானமா ஒப்படைச்ச பதிவு, மோட்னு சொல்லுவாங்க, அது அப்படியே நிக்குது. லோன் எப்பவோ முடிஞ்சு ஒரிஜினல் பத்திரமும் கைல இருக்கு, ஆனா பேங்க் ரசீது எழுதி குடுத்து அத பதிவு பண்ணி மோட ரத்து பண்ணவே இல்ல. நெறைய பேருக்கு இது தெரியாது, லோன் முடிஞ்சதும் பேங்க்ல குடுக்கற லெட்டரோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சிடறாங்க, நீங்க லோன் முடிச்சிருந்தா இன்னைக்கே ஈசி எடுத்து பாருங்க.

இத கைல வச்சுகிட்டு அக்ரிமெண்ட் போடற நாள்ல "சார் டாக்குமெண்ட்ல வில்லங்கம் இருக்கு, 3 லட்சம் கொறைங்க"ன்னு கேக்கறவங்க உண்டு, புரோக்கரே சொன்னாரு. எனக்கு அது வழிப்பறி மாதிரிதான் தோணுது, கடைசி நேரத்துல ஒருத்தர் பின்னால போக முடியாத எடத்துல நிக்க வச்சு கேக்கறது. நாங்க அன்னைக்கு சாயங்காலமே போன் பண்ணி சொல்லிட்டோம், நீங்க யாருக்கு வித்தாலும் இது வேணும் சார், இப்பவே பேங்க்ல எழுதி குடுங்கன்னு. வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போட்டு அவர்கூட பிராஞ்சுக்கு போயிட்டு வந்தார். அப்ப வீடு எங்களுக்குன்னு முடிவே ஆகல.

அப்புறம்தான் ஆஃபர். வாயால சொன்னா காத்துல போயிடும்னு மடிப்பாக்கம் சொல்லி குடுத்திருக்கே, அதனால ஒரே ஒரு ஏ4 பேப்பர்ல தமிழ்ல டைப் பண்ணி எடுத்துட்டு போனோம். வெல 74 லட்சம், முழுசும் பத்திரத்துல. 17 எங்க கைப்பணம், பேங்க் ஸ்டேட்மெண்ட் காப்பி பின்னால இருக்கு, 57 லோன், சாங்ஷன் லெட்டர் காப்பி இருக்கு. ஆடி 18 அன்னைக்கே அக்ரிமெண்ட், அட்வான்ஸ் 7 லட்சம் செக். 60 நாளுக்குள்ள கிரயம். 1 சதவீத டிடிஎஸ் (வாங்குறவங்க வெலைல புடிச்சு அரசாங்கத்துக்கு கட்டற வரி), அதாவது 74 ஆயிரம் நாங்க புடிச்சு உங்க பேன் நம்பர்ல கட்டி, கட்டுனதுக்கு சான்றா ஃபார்ம் 16பி கைல தருவோம் (50 லட்சத்த தொட்டா புடிச்சே ஆகணும், இத முன்னாடியே சொல்லலன்னா கிரயத்தன்னைக்கு காசு கொறையுதேன்னு சண்டை வரும்). கிரயம் ஆன பிறகு நீங்க தீபாவளி வரைக்கும் இங்கயே இருந்துக்கலாம், வாடகை வேண்டாம்.

அந்த கடைசி வரி எப்படி வந்துச்சுன்னா, வீட்டம்மா பேச்சுவாக்குல "இருபது தீபாவளி இங்கதான், இந்த ஒண்ணையும் பாத்துட்டு போயிடலாம்னு நெனச்சேன்"னு சொன்னாங்க. யாருகிட்டயும் கேக்கல, சும்மா சொன்னாங்க. ஓனர் பேப்பர படிக்கிறப்ப விரல வச்சு வரி வரியா வந்தார், அந்த எடத்துல விரல் நின்னுச்சு, கண்ணாடிய கழட்டி வீட்டம்மாவ கூப்ட்டு "இத நீ படி"ன்னு நீட்டுனார்.

மத்தவங்க என்ன ரேட்டுன்னு நாங்க கேக்கல, எங்களுக்கு தெரிஞ்சது புரோக்கர் தானா சொன்னது மட்டும்தான். எங்க ரேட்ட அவங்ககிட்ட தாராளமா சொல்லுங்க சார், அவங்க யோசிக்கணும்னா யோசிக்கட்டும், எங்களால முடிஞ்சது இதான், இதுக்கு மேல ஒரு ரூபா ஏத்த முடியாதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்தோம். இதுல வித்தை ஒண்ணும் கெடையாது, நெஜமாவே முடியாது. முழு வொயிட்டுன்னு நெஞ்ச நிமித்தி சொல்லலாம், ஆனா பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2, ஆக 9. 74க்கு 6 லட்சத்து 66 ஆயிரம் வருது. 51 காட்டியிருந்தா 4 லட்சத்து 59 ஆயிரத்தோட போயிருக்கும். 2 லட்சத்துக்கு மேல வித்தியாசம், அது எங்க பாக்கெட்ல இருந்து. பேங்க் இந்த பத்திரச் செலவுக்கு லோன் தராது, அது வீட்டு விலைல சேராதுன்னு ரூல். என் வளையல அடகு வச்சுதான் கட்டுனோம். ஆனா பத்திரத்துல முழு விலை இருந்ததாலதான் 57 லட்சம் லோனே கெடச்சுது, 30ல இருந்து 75 லட்சம் வரைக்கும் உள்ள லோனுக்கு மதிப்புல 80 சதவீதம்தான் தருவாங்க, 51 காட்டுனா 41 கூட வராது. நாளைக்கு நாங்க விக்கிறப்ப எங்க லாபக் கணக்கும் 74ல இருந்துதான் ஆரம்பிக்கும். சம்பளக்காரங்களுக்கு வொயிட் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க, ஒரு பேப்பர்ல எழுதி பாத்தா கேஷ்தான் நமக்கு கஷ்டம்.

மூணு நாள் போன் வரல. நாலாம் நாள் காலைல வந்துச்சு, நம்பர பாத்ததும் எனக்கு மடிப்பாக்கம் ஞாபகம்தான், எடுக்கவே கை நடுங்குச்சு. "எங்க ஆடிட்டரும் நீங்க சொன்னதையேதான் சொன்னார்மா, பதினெட்டாம் பெருக்குக்கு வந்துடுங்க"ன்னாரு.

ஆகஸ்ட் 3 அவங்க வீட்டு ஹால்லயே கையெழுத்து, சித்ரான்னம் சாப்பாடு, திங்கக்கெழமை சார்பதிவாளர் ஆபீஸ்ல அக்ரிமெண்ட பதிவு பண்ணோம். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய அக்ரிமெண்ட பதிவு பண்ணியே ஆகணும், பதிவு பண்ணாம வெறும் பத்திரத்தாள்ல எழுதி வச்சிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, செலவ பாக்காதீங்க. ரெண்டே நாள்ல, 7ம் தேதி, பழைய சொத்துக்கு இண்டெக்ஸேஷனோட 20 சதவீதம், இல்லன்னா இண்டெக்ஸேஷன் இல்லாம 12.5, ரெண்டுல எது கம்மியோ அத கட்டலாம்னு லோக்சபால பில்ல திருத்திட்டாங்க. ஓனரே போன் பண்ணி சொன்னார், குரல்ல அவ்ளோ நிம்மதி. அதே வாரம் 76 பார்ட்டி 78ன்னு திரும்ப வந்திருக்காங்க. "எழுதி குடுத்தாச்சு, பதிஞ்சாச்சு"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம், இத எங்ககிட்ட அவர் சொல்லல, புரோக்கர் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

செப்டம்பர்ல கிரயம். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இஎம்ஐயும் கட்டி, இங்க வாடகையும் கட்டி நாக்கு தள்ளிடுச்சு, அத மறைக்க மாட்டேன். அந்த தீபாவளிக்கு அவங்க வீட்டுல இருந்து எங்களுக்கு ஒரு டப்பா ரிப்பன் பக்கோடா வந்துச்சு. நவம்பர் ரெண்டாவது வாரம் சாவி வாங்க போனோம். வீடு காலி, சமையக்கட்டு மேடைய தேச்சு கழுவி விட்டிருந்தாங்க. அந்தம்மா என்ன மட்டும் கூப்பிட்டு போயி பின்பக்கம் சம்ப் மூடிய தூக்கி, எந்த வால்வ எந்தப் பக்கம் திருப்பணும்னு என் கைய புடிச்சு வச்சு திருப்பி காட்டுனாங்க. மெட்ரோ தண்ணி எந்த நேரத்துல வரும், மோட்டர் எவ்வளவு நேரம் ஓடுனா டேங்க் ரொம்பும், பிளம்பர் நம்பர், பால்காரர் நம்பர் எல்லாத்தையும் காலண்டர் தாள் பின்னால எழுதி சாவியோட சேத்து ரப்பர்பேண்ட் போட்டு குடுத்தாங்க. அந்தத் தாள் இப்பவும் சமையக்கட்டு கதவுக்கு பின்னாலதான் ஒட்டியிருக்கு.