ஃபேனும் சுற்றவில்லை, முள்ளும் ஏறவில்லை: மாருதி 800-உடன் மூன்று ஞாயிறுகள்

வண்டி 1991 மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். போன மாதம் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் நின்றபோது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரைப் பார்த்தால் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. தண்ணீர் கொதிக்கிறது, முள் தூங்குகிறது, ஃபேன் சத்தமே இல்லை.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் இந்தத் தலைவலி கிடையாது. இன்ஜின் ஓடினால் பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினால் ஃபேன் சுற்றும். மாருதியில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் ரேடியேட்டருக்குத் தனியாக எலெக்ட்ரிக் ஃபேன். தண்ணீர் சூடானதும் தெர்மோ ஸ்விட்ச் அதை ஓட வைக்கும். ஓடும் வண்டிக்குக் காற்றே போதும், நின்றால்தான் ஃபேன் தேவை. அதனால் ஸ்விட்ச் செத்துப் பல மாதம் ஆகியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன், “ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம் சார், தெர்மோஸ்டாட்டையும் கழட்டிப் போட்டுடுங்க” என்றார். அதாவது ஸ்விட்ச் இல்லாமல் ஃபேன் எப்போதும் ஓடும், சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் தடுக்கும் வால்வும் இருக்காது. ஊரில் பாதி பழைய மாருதிகள் அப்படித்தான் ஓடுகின்றன. எனக்கு மனசு வரவில்லை.

முதல் ஞாயிறு. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து மோட்டாரில் கொடுத்தேன், ஜம்மென்று சுற்றியது. பியூஸும் சரி. சாவியைத் திருப்பி வைத்து, தெர்மோ ஸ்விட்சின் ஒற்றை ஒயரைப் பிடுங்கி இன்ஜின் உலோகத்தில் தொட்டேன், ஃபேன் உறுமியது. அடுத்து மீட்டர் சென்சாரின் ஒயர். பிடுங்கினால் முள் C-யில் (குளிர்) படுத்தது, உலோகத்தில் ஒரு நொடி தொட்டால் H (சூடு) பக்கம் ஓடியது. ஆக மோட்டார், ஒயர், மீட்டர் மூன்றும் நல்லவை. ஸ்விட்சும் சென்சாரும்தான் போயிருக்கின்றன என்று முடிவு கட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய புது ஸ்விட்ச், மரையில் நாலு சுற்று டெஃப்ளான் டேப் சுற்றி மாட்டினேன். பழையதிலும் அப்படித்தான் சுற்றியிருந்தது, நானும் அதையே செய்தேன். நிறுத்தி வைத்து இருபத்தைந்து நிமிடம் ஓட விட்டேன். மறுபடியும் ஆவி. பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது, நல்லவேளை.

அன்று மாலை பழைய பெயின்ட் டப்பாவில் தண்ணீர் வைத்து, கழற்றிய பழைய ஸ்விட்சைக் கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டருடன் சூடேற்றினேன். (வீட்டுப் பாத்திரம் வேண்டாம், கூலன்ட் விஷம்.) 95 டிகிரியை ஒட்டி மல்டிமீட்டர் பீப் அடித்தது, ஸ்விட்ச் ஆன் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆற விட்டதும் விட்டுவிட்டது. தூக்கிப் போட இருந்த ஸ்விட்ச் நல்லது! சென்சாரையும் இறக்கினேன். 50 டிகிரியில் 150 ஓம், 80-இல் 52, கொதி வருகையில் 27. சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும், ஒழுங்காகக் குறைந்தது.

வெளியே எடுத்தால் நல்லவை, மாட்டினால் கெட்டவை. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இரண்டுக்கும் ஒயர் ஒன்றுதான். எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, எங்கிருந்து? அந்த மரை வழியாகத்தான்! அதில்தான் நான் கரண்ட் கடத்தாத பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றியிருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு காலை மல்டிமீட்டரின் ஒரு முனையை ஸ்விட்சின் பித்தளைத் தலையிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். ஒன்றுமே காட்டவில்லை, இணைப்பே இல்லை. சென்சாரின் தலையில் 40 ஓம், ஸ்பானரால் அசைத்தால் 200. முள் ஏன் தூங்கியது என்பதற்கு அதுவே பதில். சென்சாரின் 27 ஓமோடு இந்த 40-உம் சேர்ந்தால், கொதிக்கிற தண்ணீரை மீட்டர் வெதுவெதுப்பு என்றுதான் காட்டும்.

டேப்பைப் பிய்த்து, இரண்டு பக்க மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழைய ஸ்விட்சையே திரும்ப மாட்டினேன். சீலன்ட் மேல் இரண்டு மரைக்கு மட்டும், கீழே வெறும் உலோகம். அலுமினியத்தில் பித்தளை, முறுக்கினால் மரை போய்விடும் என்ற பயத்தில் லூஸாக விட்டு ஒரு சொட்டு கசிந்தது. கால் சுற்று கூடுதலாக இறுக்க நின்றது. மரைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் இப்போது 0.3 ஓம்.

கூலன்ட் ஊற்றி, மூடி திறந்தபடி குமிழி அடங்கும்வரை ஓடவிட்டு, மூடினேன். முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. பதினெட்டாவது நிமிடம் ஃபேன் தானாகக் கிளம்பி, ஒன்றரை நிமிடம் ஓடி, நின்றது. மூன்று முறை அப்படியே.

ஃபேன் கிளம்பும்போது ஹெட்லைட் லேசாக மங்குகிறது. அடுத்த ஞாயிறு பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். புது ஸ்விட்ச் டிக்கியில் கிடக்கிறது, டேப் இல்லாமல்.