பட்டவராயருக்குப் பத்தாம் நம்பர்

அம்பாசமுத்திரம் கடைவீதியில் செருப்புக் கடைக்காரர் "யாருக்கும்மா?" என்று கேட்டார். "பட்டவராயருக்கு" என்றேன். மறுபேச்சில்லை. மேல்தட்டிலிருந்து ஒரு ஜோடி தோல் செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். அளவுகூடக் கேட்கவில்லை. நான்தான், "பத்தாம் நம்பரா இருக்கட்டும்" என்றேன்.

பத்து என்பது அப்பாவின் கால் அளவு. சின்ன வயதில் இதே வீதியில் அவரிடம், "சாமி கால் அளவு ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டிருக்கிறேன். "தெரியாது. எனக்குச் சரியா இருக்கதை வாங்குதேன். பெரிசா இருந்தா அவரு இழுத்துக்கிட்டு நடந்துக்கிடுவாரு" என்றார். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. பட்டவராயர் சன்னதி இருக்கிற காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நான் போய் இருபது வருஷத்துக்கு மேல். மகளையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்துக் கிளம்பினேன்.

எண்பதுகளில் நாங்கள் போனது ஆடி அமாவாசைக்கு. அதைக் கோயிலுக்குப் போவது என்று சொல்வதைவிட, ஒரு வாரம் காட்டில் குடியிருக்கப் போவது என்றுதான் சொல்ல வேண்டும். லாரியில் அரிசி மூட்டை, தார்ப்பாய், பாய், அண்டா, மூன்று குடும்பத்துப் பிள்ளைகள், அப்புறம் ஒரு கிடா. ஆச்சி அம்மிக்குழவியையும் ஏற்றச் சொல்வாள். "ஆத்துல இல்லாத கல்லா?" என்று தாத்தா ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் குழவி லாரியில் ஏறும்.

தாமிரபரணிக் கரையில் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினால் வீடு தயார். மேற்கே பொதிகை மலையில் மேகம் இறங்கி நிற்கும். சாரல் விட்டு விட்டு அடிக்கும். முதல் நாள் ராத்திரி பிள்ளைகள் யாரும் தூங்க மாட்டோம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் போகிற இரைச்சல், அடைமழை பெய்வது போலவே கேட்கும். எழுந்து வெளியே கையை நீட்டிப் பார்ப்பேன், நனையாது. திரும்பப் படுத்தால் மறுபடியும் மழை. புளிச்சோற்றுக்கு அரைத்து வைத்த கானத்துவையலைக் குரங்கு கிண்ணத்தோடு தூக்கிப் போனது, ஆச்சி குழவியை ஓங்கிக்கொண்டு துரத்தியது எல்லாம் வீட்டில் இன்றும் ஓடும் கதை.

அமாவாசையன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் வந்து உட்காருவார். கதையில் வருகிற ராஜா நேரில் இருக்கிறாரே என்று வாய் பிளந்து பார்த்தேன். தலைப்பாகைதான் நினைவில் நிற்கிறது. 2020-இல் அவர் காலமான செய்தியைப் படித்தபோது ஏதோ உறவுக்காரர் போய்விட்ட மாதிரி இருந்தது. சங்கிலிபூதத்தார் சன்னதியில் சாமியாடிகள் இரும்புச் சங்கிலியால் மார்பில் அடித்துக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்கு நான் அப்பாவின் துண்டுக்குள் ஒளிந்துகொள்வேன்.

பட்டவராயர் கதையை வில்லுப்பாட்டில்தான் கேட்டேன், அதுவும் பாதிதான். முத்துப்பட்டன் அந்தணர் வீட்டுப் பிள்ளை. தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்படுகிறான். பூணூலை அறுத்தெறிந்துவிட்டு, செருப்புத் தைத்துக்கொண்டு போய்ப் பெண் கேட்கிறான். கல்யாணம் வரை கேட்டுவிட்டு நான் ஆச்சி மடியில் தூங்கிவிடுவேன். மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு அவன் செத்தான், அக்கா தங்கை இருவரும் அவனோடு தீயில் இறங்கினார்கள் என்பதெல்லாம் கல்லூரிக் காலத்தில்தான் எனக்குத் தெரியும். அதுவரை எனக்கு அது ஒரு கல்யாணக் கதை! மாடு காக்கப் போய்ச் செத்தவன் இன்றும் காட்டைச் சுற்றி வருகிறான், அவனுக்குக் காலில் முள் தைக்கக் கூடாது என்றுதான் செருப்புக் காணிக்கை.

பாபநாசம் வனச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மகளின் சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் அங்கேயே தங்கிவிட்டன. 1988-இலிருந்து இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். திருவிழாவில் தங்கும் நாட்களையும் குறைத்துவிட்டார்கள், வண்டியையும் விடுவதில்லை என்று அண்ணன் புலம்பிக்கொண்டே வந்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. நாங்கள் கிளம்புகிற அன்று ஆற்றங்கரை எப்படிக் கிடக்கும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எச்சில் இலை, சோப்புத் துண்டு, பாவம் போக்க என்று ஆற்றோடு விட்ட வேட்டி, சேலை. பாறையில் சிக்கின சேலை நீளமாக அலையடிப்பதை நாங்கள் வேடிக்கை பார்த்தோம். காடு எத்தனை வருஷம்தான் பொறுக்கும்?

அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு மணிவிழுங்கி மரத்தைப் பார்க்கப் போனோம். பழைய இலுப்பை மரம். நேர்ந்துகொண்டு கட்டுகிற மணிகளைப் பட்டை மெதுவாக வளர்ந்து மூடிவிடும். சில மணிகளில் வளையம் மட்டும் வெளியே தெரியும். சில இடங்களில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். அண்ணனுக்கு வலிப்பு நின்றதற்காக ஆச்சி கட்டின மணி, என் தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில் இருந்த ஞாபகம். அண்ணனும் நானும் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தோம். "இங்கதான்" என்று அவன் ஒரு புடைப்பைக் காட்டினான். நான் வேறொன்றைக் காட்டினேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பட்டவராயர் சன்னதியில் செருப்புகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பத்தாம் நம்பரை மாட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. மகள் ஒவ்வொரு செருப்பாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது பழசும்மா. குதிகால் தேஞ்சிருக்கு, மண்ணு கூட ஒட்டியிருக்கு. யாரோ போட்டு நடந்திருக்காங்க."

படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்ன, பார்த்துக்கிட்டு இருக்கவா தொங்கவிடுதோம்? தெனம் ராத்திரி நடக்காரு, தேயாம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு, "நாலு முழம் தரட்டா?" என்றாள்.

இருட்டுவதற்குள் சாவடியைத் தாண்ட வேண்டும் என்று அண்ணன் அவசரப்படுத்தினான். பூவை வாங்கிக்கொண்டு நடந்தோம்.