ஒரே தட்டு

சோற்றைப் பைக்குள் போட்டு வேகவைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. 2017 அக்டோபரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த முதல் வாரம், மேலே இருந்த படத்தை மட்டும் நம்பி ஓர் அரிசி டப்பா வாங்கினேன். பிரித்தால் உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைகள், பைக்கு 125 கிராம். கத்தரியால் பையை வெட்டி, அரிசியை மூன்று தண்ணீர் கழுவி உலையில் போட்டேன். மறுநாள் ஆபீஸில் சொன்னபோது ஒருவன் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. பையோடு கொதிக்கிற தண்ணீரில் போடவேண்டுமாம். அப்படியும் செய்து பார்த்தேன். வெந்த பிறகு, பையின் ஓரத்தில் இருக்கும் காதில் முள்கரண்டியை மாட்டித் தூக்கினால் தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது. உள்ளே சோறு ஒன்றோடொன்று பேசாமல் உதிரி உதிரியாகக் கிடந்தது. எங்கள் ஆச்சி பார்த்திருந்தால் "சோத்துக்குச் சட்டை போட்டிருக்கான் பாரு" என்றிருப்பாள்.

அந்தச் சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்தேன். கடுகு, வரமிளகாய் தாளித்துக் கொட்டினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பெருங்காயமும் போட்டாயிற்று. வாயில் வைத்தால் ஐஸ்கிரீம். தயிர் என்று நினைத்து வாங்கியது வனிலா யோகர்ட். டப்பாவில் சின்னதாக ஒரு வெள்ளைப் பூ போட்டிருந்தது, நான் அதை அழகுக்கு என்று நினைத்துவிட்டேன். ஆனால் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது: வெள்ளைச் சோற்றின் மேல் கடுகு, சிவப்பு மிளகாய். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "தயிர்ச் சோறு பாக்கவே ஆசையா இருக்குய்யா" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. போட்டோவில் வனிலா வாசம் தெரியாது.

இப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒன்றை ஒழுங்காகச் சமைப்பேன். ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துத் தட்டை வைத்து எடுத்து அனுப்புவேன். கோவில்பட்டியில் அப்பா அதைத் தெருவில் நாலு பேரிடம் காட்டுவார். மீதி ஆறு நாள் நான் என்ன சாப்பிட்டேன் என்பதற்கு என் போனில் ஒரு படம்கூடக் கிடையாது.

ஆறு நாளும் ரொட்டிதான். இங்கே மதியம்தான் சூடாகச் சாப்பிடுவார்கள். ராத்திரிக்குப் பல வீடுகளில் அடுப்பே எரியாது. கறுப்பு ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறுகாய் வெள்ளரி, முடிந்தது. அதற்குப் பெயரே 'ஆபெண்ட்ப்ரோட்', அதாவது சாயங்கால ரொட்டி. இந்த நாட்டில் பதிவாகியிருக்கும் ரொட்டி வகைகள் மட்டும் 3000-க்கு மேல். எனக்கு ஒன்றுகூடச் சரியாக அமையவில்லை. புளித்த மாவில் சுட்ட கம்பு ரொட்டி போலிருக்கும் அந்த ரை ரொட்டியைக் கடித்தால் தாடை வலித்தது. அம்மாவிடம் ஒருமுறை உளறிவிட்டேன். "ராத்திரி பச்ச ரொட்டியவா திங்க?" என்று அவள் கேட்ட குரலில், நான் ஏதோ ஜெயிலில் இருப்பதைப் போல ஒரு பதற்றம். அதோடு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ரொட்டிக் கடையில் எனக்கென்று ஒன்று கிடைத்தது என்றால் அது பிரெட்செல்தான். கை கட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி முறுக்கிய ரொட்டி. சுடுவதற்கு முன் காரக் கரைசலில் முக்கி எடுப்பதால்தான் அந்தப் பழுப்பு நிறமும் தோலின் ருசியும். ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பிரெட்செல்லின் கை இரண்டும் மெலிந்து மொறுமொறுவென்று இருக்கும், வயிறு மட்டும் தடித்துப் பிளந்திருக்கும். வயிற்றைக் குறுக்கே அறுத்து வெண்ணெய் தடவித் தருவார்கள். மேலே கல்லுப்பு. காலை ஏழு மணிக்கு ரயில் பிளாட்பாரத்தில் குளிரில் நின்றுகொண்டு, அந்த மெலிந்த கையை முதலில் ஒடித்துத் தின்பேன். நம் ஊர் கைமுறுக்குக்குத் தூரத்துச் சொந்தம் என்று இன்றும் நம்புகிறேன். இதற்கும் போட்டோ இல்லை. ஒரு கையில் பிரெட்செல், இன்னொரு கையில் காபி, போனை எடுக்க மூன்றாவது கை எங்கே இருக்கிறது?

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். சால்மியாக் என்று ஒரு கறுப்பு மிட்டாய், அதிமதுரமும் நவச்சாரமும் கலந்தது. அதிமதுரம் தொண்டைக்கு நல்லது என்று சின்ன வயதில் மெல்லக் கொடுத்ததுதானே என்று வாயில் போட்டேன். பேட்டரியை நக்கியது போல இருந்தது. அப்புறம் ஷ்பார்கல், வெள்ளை அஸ்பாரகஸ். மண்ணை மேடு கட்டி மூடி, வெயிலே படாமல் வளர்ப்பதால் வெள்ளையாக இருக்கும். ஏப்ரலில் வரும், ஜூன் 24-ஓடு வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் ஆபீஸில் வேறு பேச்சு இருக்காது, நம் ஊரில் மாம்பழ சீசன் மாதிரி. எனக்கு அது முருங்கைக்காயிலிருந்து முருங்கைக்காயை எடுத்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்ததுபோல் இருக்கிறது. எட்டு சீசன் முயன்றுவிட்டேன்.

ஊரை விட்டு வந்தால் அங்கே பிடிக்காததெல்லாம் பிடித்துப்போகும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. அம்மா பார்சலில் வைக்கும் சுண்டைவத்தல் அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. பாட்டிலில் அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கிப்போடவும் முடியவில்லை, அது வேறு விஷயம்.

கறிவேப்பிலைக்கும் நல்லெண்ணெய்க்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போவேன். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்தவர். ஒருநாள், சொதி வைக்கவேண்டும், நல்ல தேங்காய்ப்பால் டின் எது அண்ணே என்று கேட்டேன். "புட்டுக்கோ, இடியப்பத்துக்கோ தம்பி?" என்றார். சோற்றுக்கு என்றேன். பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போடுவோம், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் என்று பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் கண் விரிந்தது. அவர்களுக்குச் சொதி என்றால் தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் வெங்காயமுமாக நீர்க்க வைக்கிற, அன்றாடம் செய்வது. "இது சொதியோ தம்பி, கலியாண வீடோ?" என்று சிரித்தார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் சரியாகச் சொல்லிவிட்டார். திருநெல்வேலியில் அது கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டில் போடுகிற சாப்பாடு. அத்தை மகள் கல்யாணத்தில் அப்படி ஒரு பந்தியில் நானும் அப்பாவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோ ஒன்று வீட்டில் உண்டு. இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கிறோம்.

2018 பிப்ரவரியோ மார்ச்சோ இருக்கும். அம்மா போனில் கேட்டாள்: "ஏய்யா, எல்லாப் படத்துலயும் ஒரே தட்டாத்தான இருக்கு?"

பச்சை விளிம்பு போட்ட தட்டு, வந்த புதிதில் வாங்கியது. ஒன்றுதான் வாங்கினேன், ஒரு ஆளுக்கு எதற்கம்மா ரெண்டு என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்துல உக்காந்து யாரும் சாப்புடுறதில்லையா?" என்றாள். பைச் சோறு, வனிலாத் தயிர் எல்லாவற்றையும் போட்டோவில் மறைத்துவிட்டேன். தட்டை மறைக்கத் தோன்றவில்லை.

கீழ்வீட்டு அம்மா எனக்குப் பழக்கமானது ஒரு மிளகாயால். இந்த மாநிலத்தில் 2015-லிருந்து எல்லா வீட்டிலும் புகை அலாரம் கட்டாயம். என் நடைவழியில் இருந்தது, சமையலறைக் கதவுக்கு இரண்டடி தள்ளி. வரமிளகாய் எண்ணெயில் விழுந்த மறுகணம் அது அலறியது. நாற்காலி மேல் ஏறியும் எனக்கு எட்டவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். கையிலிருந்த துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, கம்பின் நுனியால் அலாரத்தின் பொத்தானை ஓர் அழுத்து அழுத்தினார். நின்றுவிட்டது. இரண்டு தும்மல் போட்டார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாக அகலத் திறந்துவிட்டு, துடைப்பத்தை என் கையில் கொடுத்து மாடிப்படியைக் காட்டினார். அந்த வாரம் படி பெருக்குகிற முறை என்னுடையதாம். இந்தப் பக்கத்து வீடுகளில் 'கேர்வோக' என்று ஒரு முறை, வாரத்துக்கு ஒரு வீட்டார் பொதுப்படியைக் கூட்டித் துடைக்கவேண்டும். என் கதவில் நாலு நாளாக ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

பெருக்கினேன். அவர் படியின் மூலையில் விரலை வைத்துப் பார்த்தார். எங்கள் ஆச்சியேதான்.

இரண்டு நாள் கழித்து ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துவந்தார். 'லின்சன் மிட் ஷ்பெட்ஸ்லே'. இந்த வட்டாரத்து ஆட்களைக் கேட்டால் இதுதான் எங்கள் சாப்பாடு என்பார்கள். குழைவாக வெந்த மைசூர்ப்பருப்பு ஜாதியில் பழுப்பாக ஒரு பயறு, கேரட், கொஞ்சம் மாவு வறுத்துக் கரைத்த குழம்பு. பக்கத்தில் ஷ்பெட்ஸ்லே, முட்டை சேர்த்த மாவைப் பலகையில் வைத்து, கொதிக்கும் தண்ணீரில் சீவிச் சீவித் தள்ளி எடுப்பது. மேலே இரண்டு சாசேஜ், அவற்றை ஒதுக்கி வைத்தேன். சாப்பிடும்போது கொஞ்சம் வினிகர் ஊற்றிக்கொள் என்றார். ஊற்றினேன். நாலு மாதத்துக்கு மேலாயிற்று, வேற்று வீட்டுக் கையால் பருப்பும் புளிப்பும் சேர்ந்து நாக்கில் பட்டு. பெருங்காயம் மட்டும்தான் குறை. கிண்ணத்தை வழித்து முடித்தபிறகுதான் போட்டோ எடுக்கவில்லை என்று உறைத்தது.

அந்தப் பயறுக்கு ஒரு கதை உண்டு. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஸ்வேபியன் ஆல்ப் என்று சுண்ணாம்புக்கல் மலைப்பகுதி. கல்லும் மெலிந்த மேல்மண்ணுமான அந்த நிலத்தில் முன்பு பயறுதான் விளையுமாம். கட்டுப்படியாகவில்லை என்று போன நூற்றாண்டின் நடுவில் கைவிட்டுவிட்டார்கள், விதையும் போய்விட்டது. 1985-இல் ஒரு விவசாயி பிரெஞ்சு விதையை வைத்து மறுபடி ஆரம்பித்தார். அந்த மண்ணின் பழைய விதை 2006-இல்தான் அகப்பட்டது, அதுவும் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வவிலோவ் விதை வங்கியில். பயறுக்கொடி தானாக நிமிர்ந்து நிற்காது என்பதால் ஓட்ஸ் அல்லது பார்லியோடு சேர்த்து விதைத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஏறவிடுகிறார்கள். இதை அப்பாவிடம் சொல்லி, எங்கள் கரிசலில் கம்புக்குள் பாசிப்பயறும் தட்டாம்பயறும் போடுவது போலத்தானே என்று கேட்டபோது, "இதச் சொல்லித் தரவா அங்க போயிருக்க?" என்றார்.

பதிலுக்கு நான் என்ன செய்வது? தோசைதான். ஆனால் அந்தக் குளிரில் மாவு பொங்க மாட்டேன் என்றது. ஹீட்டர் மேல் வைத்துப் பார்த்தேன், அடி மட்டும் புளித்து மேலே பச்சையாக இருந்தது. கடைசியில் யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன வழி: ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படுத்துவிடு தம்பி. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் இருட்டில் ஓவன் ஜன்னல் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும், உள்ளே எவர்சில்வர் தூக்கு. காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வழிந்திருந்தது. ஓவனைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆனது. சந்தோஷமாகத் தேய்த்தேன்.

சனிக்கிழமை இன்னொரு தட்டு வாங்கினேன். ஞாயிறு இங்கே கடை கிடையாது. ஞாயிறு மதியம் கீழ்வீட்டு அம்மா கையில் ஒரு பாட்டிலோடு வந்தார். ஆப்பிளை வேகவைத்து மசித்தது. இவர்கள் வட்டமாக, மெலிசாக எதைச் சுட்டாலும் அதைத் தொட்டுக்கொள்வார்கள். முதல் தோசையைக் கத்தியால் நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஆப்பிள் மசியலைத் தடவி, நிதானமாக மூன்று தோசை சாப்பிட்டார். தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். பச்சைமிளகாய் தெரிகிறது, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தாமல், அங்கேயே அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்பினேன். மேஜையில் இரண்டு தட்டு, ஒன்றில் பாதித் தோசை, ஓரத்தில் அந்த அம்மாவின் கை.

பத்து நிமிடத்தில் அம்மா கூப்பிட்டாள். "அந்தம்மா தட்டுல மஞ்சளா என்னமோ இருக்கே, என்னதுய்யா?"

சொன்னேன்.

"வயசானவுக வீட்டுக்கு வந்திருக்காக. ஜாமத் தொட்டு தோசை திங்க விட்டிருக்கியே, ஒரு பொடி வச்சு எண்ணெய் ஊத்திக் குடுக்கக் கூடாதா?" என்றாள். அடுத்த மாதப் பார்சலில் இட்லிப்பொடி இரண்டு பொட்டலம் இருந்தது, ஒன்றில் காரம் குறைவு என்று பேனாவால் எழுதி.